கோச் வேலையை விடும் முன்

கேள்வி:

எனக்கு வயது 37. சேலத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் 10 வருடமாக வாலிபால் கோச். உடற்கல்வியில் பி.பி.எட். முடித்து, தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) ஆறு வாரச் சான்றிதழ் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். காலை 4.45-க்கு அலாரம், 5.45-க்கு கிரவுண்ட், வீடு திரும்ப இரவு ஏழரை. ஞாயிறும் பிராக்டிஸ். போன மாதம் குறுவட்டப் போட்டியில் ஃபைனல் ஜெயித்தோம். பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு உள்ளே ஒன்றுமே எழவில்லை. வேன் டிரைவர் சாப்பிட்டாரா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "என் பொண்ண ஏன் மிஸ் இறக்கல?" என்று ஆரம்பித்தார்கள். ஆறாம் வகுப்புப் பொடிசுகளுக்கு அண்டர்ஹேண்ட் பாஸ் சொல்லித்தரும் அரை மணி நேரம் மட்டும்தான் நேரம் போவது தெரிவதில்லை. என் சம்பளம் 27,000, கணவர் ஃபைனான்ஸ் கம்பெனியில் 24,000. வீட்டுக்கடன் தவணை 9,200. மகன் இதே பள்ளியில் பாதிக் கட்டணத்தில் நான்காம் வகுப்பு. ஏற்காட்டில் காபித்தூள், மிளகுக் கடை வைத்திருக்கும் சித்தி மகள் பங்கு சேரக் கூப்பிடுகிறாள். ஜிம் டிரெய்னராகப் போ என்கிறாள் தோழி. எனக்கோ கவுன்சலிங் படிக்க ஆசை. மாவட்டப் போட்டி நெருங்குகிறது. பதினொன்றாம் வகுப்பு செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்) ஒருத்தி என்னை நம்பித்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது விட்டுப் போனால் துரோகம் இல்லையா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்)

பதில்:

அன்பு வாசகிக்கு,

துரோகமா என்ற கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம். அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் இந்த நிமிடம் நீங்கள் இருக்கும் களைப்பில் எந்தப் பதிலும் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

உங்களுக்கு நடந்திருப்பதற்குப் பெயர் உண்டு. பர்ன்அவுட் என்கிறார்கள், பணிச்சோர்வு என்று சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. நோயாகச் சேர்க்கவில்லை, வேலையிடத்து அழுத்தத்தைச் சரிவரக் கையாளாமல் விட்டதால் வரும் நிலையாக. அடையாளம் மூன்று: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி ஒரு கசப்பு வந்துவிடுவது, என்ன செய்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம். கோப்பை வாங்கிய அன்று உள்ளே ஒன்றும் எழாதது இந்த இரண்டாவது அடையாளம். நீங்கள் நன்றிகெட்டுப் போய்விட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. உங்களுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் அன்பு போய்விட்டதாகவும் அர்த்தம் இல்லை.

ஆனால் எல்லாக் களைப்பையும் இந்தப் பெயரில் போட்டு மூடிவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைபாடு எல்லாமே இதே போலத்தான் ஆளைப் படுக்கவைக்கும். வெயிலில் நிற்கிற, காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிற பெண்களுக்கு ஹீமோகுளோபின் இறங்குவது சர்வசாதாரணம். எனவே இந்த வாரமே ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, பி12 நான்கையும் ஒரே ஊசியில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். தொண்டை கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பாருங்கள். பத்து வருடம் கிரவுண்டில் கத்திய குரல் அது. குரல்நாணில் முடிச்சு வந்திருந்தால் அடுத்து எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும்.

மனச்சோர்வு நோயா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பணிச்சோர்வில் இருப்பவர் வேலையை விட்டு நான்கு நாள் விலகி ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் கொஞ்சமாவது சிரிப்பார். மனச்சோர்வு கல்யாண வீட்டுக்கும் கூடவே வரும். எதிலும் நாட்டமில்லாமை, தூக்கக் கேடு, அழுகை ஆகியவை நாள் முழுக்க இரண்டு வாரம் தொடர்ந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 எண்ணில் அரசின் டெலிமானஸ் சேவை இரவு பகலாக இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது காலாண்டு விடுமுறை வருகிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் கேம்ப் போட்டிருப்பீர்கள். இந்த வருடம் போடாதீர்கள். வீட்டிலேயே செய்ய ஸ்கிப்பிங்கும் ஸ்ட்ரெச்சிங்கும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், மாவட்டப் போட்டிக்கு அது போதும். விடுமுறைக்கு முன்னும் பின்னும் உங்கள் விடுப்பைச் சேர்த்து 12 முதல் 14 நாள் தொடர்ச்சியாக எடுங்கள். இரண்டு நாள், மூன்று நாளாகப் பிய்த்து எடுத்தால் பலன் இல்லை. முதல் மூன்று நாள் தூக்கத்திலேயே போய்விடும், அடுத்த சில நாள் காரணமில்லாத எரிச்சலில் போகும், அதற்குப் பிறகுதான் தலை தெளியும். வாட்ஸ்அப் குழுவை உதவி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள். மியூட் போட்டால் போதாது, கை தானாகத் திறந்து பார்க்கும். விளையாட்டுக்காரர்கள் ஓய்வையும் ஒரு பயிற்சி ஆக்கிவிடுவார்கள். தினம் பத்து கிலோமீட்டர் ஓடி மனசைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அரை மணி நேர நடை போதும். அந்த 14 நாளில் ராஜினாமா கடிதமும் வேண்டாம், கடைக்கு முன்பணமும் வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஒரு சாதா நோட்டில் இரண்டு வாரம் கணக்கு எழுதுங்கள். நேரம், செய்த வேலை, எதிரில் இருந்தது யார், முடித்தபோது தெம்பு கூடியதா குறைந்ததா என்று நாலு கட்டம். தெம்புக்குக் கூட்டல், கழித்தல் குறி மட்டும் போட்டால் போதும், வியாக்கியானம் வேண்டாம். எழுதுவதை அன்றன்று இரவு படுக்கும் முன் முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து எழுதினால் கடைசியாக நடந்த சண்டைதான் எல்லா வரியிலும் இருக்கும்.

"கோச்" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது என்று அப்போது தெரியும். கற்றுக்கொடுப்பது ஒன்று. அணி தேர்வு செய்வது வேறு. ஓ.டி. (வெளிப்பணி) கடிதம், பயணச் செலவுக் கணக்கு, வேன், தங்குமிடம் வேறு. 12 பெண்பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போய் இரவு முழுக்கக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது வேறு. பெற்றோருக்குப் பதில் சொல்வது, தோற்றால் தாளாளர் முகத்தைப் பார்ப்பது எல்லாம் தனித்தனி வேலை. இவற்றில் எது உங்களைத் தின்றது என்று தெரியாமல் தொழிலை மாற்றினால், தின்றது எதுவோ அதையே புதிய வேலையிலும் தேடிப்போய் எடுத்துக்கொள்வீர்கள்.

உங்கள் கடிதத்தில் இருந்தே ஒரு வரி எடுத்துக்காட்டுகிறேன். நேரம் போவது தெரியாத அந்த அரை மணி. மணிக்கட்டை மடக்கி வைத்திருக்கும் ஒரு பதினோரு வயதுப் பெண்ணின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரல்களை ஒட்டவைத்து, முழங்கையைப் பூட்டச் சொல்லி, பந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையில் படுமாறு மெதுவாகப் போடுகிறீர்கள். ஏழெட்டு முறை பக்கவாட்டில் சிதறிய பந்து ஒருமுறை நேராக எழும்பி உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. அந்த இடத்தில் உங்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. இது வெற்றி தோல்வி ஒட்டாத இடம். செலக்‌ஷன் இல்லை, சான்றிதழ் இல்லை, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்குமா என்று எந்த அப்பாவும் கேட்காத இடம். நோட்டிலும் இதே பதில் வந்தால் உங்களுக்குச் சலித்தது போட்டி, கற்பித்தல் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். ஒருவேளை பொடிசுகளுக்கு எதிரேயும் கழித்தல் குறியே விழுந்தால், அப்போது மைதானத்தை முழுதாக விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

போட்டி அணியை விட்டுக் கீழ்வகுப்புக்குப் போவது இறக்கம் என்று ஊர் சொல்லும். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அவரை உயரம் தாண்டத் தூண்டியவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். கண்டுகொள்ளும் கண் அந்த இடத்தில்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே ராஜினாமாவுக்கு முன் ஒரு கடிதம். முதல்வர் வழியாகத் தாளாளருக்கு, ஒரே பக்கம், மூன்று கோரிக்கை: அடுத்த கல்வியாண்டிலிருந்து 3 முதல் 7 வரையிலான வகுப்புகளின் உடற்கல்வி மட்டும், வேலை நேரம் பள்ளி மணி முதல் பள்ளி மணி வரை, ஞாயிறும் பயணமும் கிடையாது. உடல்நிலைக் காரணம் என்ற ஒரு வரிக்கு மேல் விளக்க வேண்டாம். புகார் எதையும் அதில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் பேச்சு அந்தப் புகாரைப் பற்றியதாகிவிடும். பள்ளி சம்மதித்து, கோச் படியாக நாலாயிரமோ ஐந்தாயிரமோ குறைத்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மகனின் கட்டணச் சலுகை, அலைச்சல் பெட்ரோல், வெளியே வாங்கிச் சாப்பிடும் செலவு எல்லாம் சேர்த்தால் கையில் நிற்பது அவ்வளவு குறையாது. மறுத்தால், வெளியே தேடுவதற்குத் தெளிவான காரணம் கிடைத்தது.

இனி நீங்கள் கேட்ட மூன்று வழிகள்.

ஜிம் வேண்டாம். கூட்டம் வரும் நேரம் காலை 5 முதல் 9, மாலை 5 முதல் 9. நீங்கள் எந்த நேரத்தை இழந்து தேய்ந்தீர்களோ அதே நேரம். யோகா வகுப்பும் அப்படியே. உங்களுக்கு வரும் எந்த வேலையையும் மூன்று கேள்வியால் சலித்துவிடுங்கள்: காலை 8.30-க்கு முன் வர வேண்டுமா, மாலை 5-க்கு மேல் இருக்க வேண்டுமா, ஞாயிறு உண்டா? இரண்டுக்கு "ஆமாம்" வந்தால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம்.

ஏற்காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் களைத்தவர்களுக்கு மலை மிகவும் அழகாகத் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்று மாறுகிறது, மனசும் மாறுகிறது. அது பார்க்கப் போகிறவருக்கு. கடை வைத்தவருக்கு ஏற்காட்டின் காலண்டர் வேறு. வியாபாரம் நடப்பது சனி, ஞாயிறு, ஆயுத பூஜை போன்ற தொடர் விடுமுறைகள், மே மாதக் கோடை விழா. செவ்வாய், புதன் ஏரிக்கரை வெறிச்சோடிக் கிடக்கும். அதாவது உங்கள் மகனுக்கு எந்த நாளெல்லாம் லீவோ அந்த நாளெல்லாம் நீங்கள் கல்லாவில். ஞாயிற்றுக்கிழமையை மீட்கத்தான் கோச் வேலையை விடுகிறீர்கள். அந்த ஞாயிறைத்தான் கடை முதலில் கேட்கும். மழைக்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. சேலத்தில் குடியிருந்துகொண்டு மேலே கடை நடத்துபவருக்கு அப்படிப்பட்ட நாட்களில் வருமானம் பூஜ்யம், வாடகை முழுசு.

கணக்கையும் பார்ப்போம். மாதிரிக்குத்தான், உங்கள் தங்கையிடம் உண்மை எண்களைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கடை வாடகை 8,000, கரண்ட் 1,500, உதவிக்கு ஒரு ஆள் 9,000. உங்கள் பங்காக மாதம் 20,000 வர வேண்டும். மொத்தம் 38,500. ஒரு பொட்டலம் காபித்தூளிலோ மிளகிலோ வாங்கிய விலை, உறை, சேதாரம் போக 40 ரூபாய் நிற்கிறது என்றால் மாதம் 963 பொட்டலம் விற்க வேண்டும். அதில் முக்கால் பங்கு எட்டு சனி ஞாயிறுகளில் போகும் என்று வைத்தாலும், அந்த ஒவ்வொரு நாளும் 90 பொட்டலம். இதில் தங்கையின் பங்கை இன்னும் சேர்க்கவே இல்லை. காபிக்கொட்டை விலையும் நிலையாக நிற்பதில்லை. அறுவடை நடக்கும் டிசம்பர், ஜனவரியில் வாங்கிவைத்த சரக்கில் பணம் முடங்கிக் கிடக்கும்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால் ஆயுத பூஜை விடுமுறையில் இரண்டு நாள், பிறகு விடுப்புப் போட்டு ஒரு செவ்வாய், புதன் இரண்டு நாள், கடையில் போய் உட்காருங்கள். விற்ற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். நான்கு நாளில் கண்ணால் பார்த்த எண் மேலே சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். அப்போதும் கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். யார் எவ்வளவு போட்டது, லாபப் பங்கு, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், ஒருவர் விலகினால் சரக்கை எப்படி மதிப்பிடுவது என்று நாலு விஷயம். சொந்தம் என்பதால் எழுத வெட்கப்படுவார்கள். சொந்தம் என்பதால்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சித்தி வீட்டுக்குப் பொங்கலுக்குப் போக முடியாமல் ஆகிவிடும்.

கவுன்சலிங் ஆசை நல்ல ஆசை. ஆனால் இப்போது வேண்டாம். அடுத்தவர் பாரத்தை வாங்கி வாங்கி வற்றியவர், அதைவிடப் பெரிய பாரம் வாங்கும் வேலைக்கு நேரடியாகப் போகக் கூடாது. ஒரு வருடம் போகட்டும். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. உளவியல் படிப்பது பலருக்கும் பழக்கமான வழி. 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. எனவே "அஞ்சல்வழி சேர்க்கை நடக்கிறது" என்று யார் சொன்னாலும் பணம் கட்டுவதற்கு முன் மானியக் குழுவின் தளத்தில் அந்தப் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாத ஆன்லைன் டிப்ளமாவை வைத்துப் பலகை மாட்டச் சொல்பவர்களிடம் அகப்படாதீர்கள். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு வேண்டும், எம்.ஏ. மட்டும் போதாது.

நீங்கள் நினைத்துப் பார்க்காத வழிகளும் உண்டு. பெரிய பள்ளிகளில் போக்குவரத்து, சேர்க்கை, நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். சேலத்துப் பெரிய மருத்துவமனைகளில் நோயாளி ஒருங்கிணைப்பாளர் வேலை இருக்கிறது. ஷிப்ட் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். இதற்கெல்லாம் உங்கள் விண்ணப்பத்தில் "வாலிபால் கோச், 10 ஆண்டு" என்று எழுதினால் கேட்பவருக்கு விசில்தான் தெரியும். அதை உடைத்து எழுதுங்கள். வருடத்துக்கு எத்தனை வெளியூர்ப் பயணம், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், பயணச் செலவு மொத்தம் எவ்வளவு, கணக்கில் வித்தியாசம் இல்லாமல் ஒப்படைத்தது, பெற்றோர் ஒப்புதல் வாங்கியது, அடிபட்ட பிள்ளையை எந்த நேரத்தில் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, பள்ளியில் நடத்திய போட்டிக்கு எத்தனை அணி வந்தது. எண்களோடு எட்டு வரி. அந்த எட்டு வரியைப் படிக்கும் மேலாளர், பதற்றத்தில் பத்துப் பேரை ஒழுங்கில் நிறுத்தத் தெரிந்த ஆள் இவர் என்று தானே புரிந்துகொள்வார்.

அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு உங்கள் பி.பி.எட். இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்பதை வைத்து வீட்டுக் கணக்குப் போட முடியாது.

பணத்துக்கு வருவோம். 27,000 போனால் மாதம் 27,000 பள்ளம் என்று பயந்திருப்பீர்கள். அப்படி இல்லை. தவணை 9,200. மளிகை, பால், கேஸ், கரண்ட் 15,000. மகனுக்கு இனி முழுக் கட்டணம், மாதத்துக்கு 4,000 என்று வைப்போம். பெட்ரோல், போன் 4,500. இன்சூரன்ஸ், சீட்டு 5,000. பெரியவர்கள் மருந்து 2,500. கூட்டினால் 40,200. கணவர் சம்பளம் 24,000 போக 16,200தான் மாதப் பள்ளம். தவணை தவிர மற்றவை என் உத்தேசம், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு 97,200. இந்தத் தொகை வங்கியில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் ராஜினாமா. மகன் கட்டணத்தை மறக்காதீர்கள், வேலையை விட்ட பல ஆசிரியைகள் வழுக்குவது அங்கேதான். நடுவருடத்தில் விட்டால் சலுகை அன்றே நிற்கலாம். ஏப்ரலில் விட்டால் புதிய பள்ளியைத் தேட அவகாசம் இருக்கும்.

உங்களுக்கு வர வேண்டிய பணத்தையும் விட்டுவிடக் கூடாது. ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததை (அது மொத்தச் சம்பளத்தில் பாதிக்கும் குறைவு என்றால் அந்தப் பாதியை) 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். அது 14,300 என்றால் வருடத்துக்கு 8,250, பத்து வருடத்துக்கு 82,500. கேட்காவிட்டால் தர மாட்டார்கள். எழுத்தில் விண்ணப்பித்து நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் இதை அந்த ஆறு மாதத் தொகையில் சேர்க்காதீர்கள், தாமதமாக வரலாம்.

பி.எஃப். பாஸ்புக்கை இன்றே திறந்து எந்த மாதத்திலிருந்து பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதியும் பி.எஃப். ஆரம்பித்த தேதியும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்பதரை வருடம் இருந்தாலே பத்தாகிவிடும். உங்களுக்கு ஒன்பது வருடம் மூன்று மாதம் என்று இருந்தால் இன்னும் மூன்று மாதம் தாக்குப்பிடிப்பது லாபம். முடியாவிட்டாலும் நஷ்டமில்லை. ஓய்வூதியப் பங்கைக் கையில் எடுக்காமல் திட்டச் சான்றிதழ் (ஸ்கீம் சர்டிபிகேட்) வாங்கிக்கொண்டால், அடுத்து பி.எஃப். உள்ள வேலையில் அதே யு.ஏ.என். எண்ணை (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணை) கொடுக்கும்போது கணக்கு தொடரும். 14,300 சம்பளத்துக்கு பத்து வருடம் என்றால் 58 வயதில் மாதம் சுமார் 2,043 ரூபாய். சின்னத் தொகைதான், ஆயுள் முழுக்க வருவது.

சேரும்போது உங்கள் அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொண்டார்களா? அப்படியென்றால் ராஜினாமா பேச்சு எடுப்பதற்கு முன்பே, ஏதாவது சரிபார்ப்புக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். நியமனக் கடிதத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அனுபவச் சான்றிதழை நீங்களே தட்டச்சு செய்து முதல்வரிடம் நீட்டுங்கள். மேலே சொன்ன எட்டு வரியை அதில் சேர்த்துவிடலாம்.

கடைசியாக, பிள்ளைகள்.

ரத்தப் பரிசோதனையோ மருத்துவரோ "உடனே நிறுத்து" என்றால் மாவட்டப் போட்டியைப் பார்க்காமல் நிறுத்துங்கள். அப்படி இல்லையென்றால், இந்தப் பருவத்தின் போட்டிகளை முடித்துக் கொடுத்து, ஏப்ரலோடு விலகுவது உங்களுக்கும் அவர்களுக்கும் நல்லது. போட்டிக்கு முந்தைய வாரம் சொல்லாதீர்கள். முதலில் முதல்வர், அன்று மாலை அந்த செட்டரும் கேப்டனும், மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக, அதன் பிறகு பெற்றோருக்கு இரண்டு வரி. இந்த வரிசை மாறினால் பிள்ளைகள் அதை வாட்ஸ்அப்பில் படிப்பார்கள், அதுதான் அவர்களுக்கு வலிக்கும். "ஏன் மிஸ்?" என்பார்கள். "உடம்புக்கு முடியல கண்ணு, கோச்சிங்கை நிறுத்தறேன், உங்க யார்மேலயும் கோபம் இல்ல" என்று உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுக் காரணம் என்று மழுப்பினால், தான் அன்று விட்ட சர்வீஸ்தான் காரணம் என்று ஒருத்தி மனதுக்குள் வைத்துக்கொள்வாள்.

புதிதாக வருபவருக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். ஆடும் இடம், பழைய அடி, எந்த முழங்காலில் வலி, வாரத்துக்கு எத்தனை நாள் குதிக்கவிடலாம், காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை யார், யாரைச் சத்தம் போட்டால் ஒடுங்கிவிடுவாள், வீட்டில் யாரோடு பேச வேண்டும். மாதவிடாய் நாட்களில் கஷ்டப்படும் பிள்ளைகளின் விவரத்தைத் தாளில் எழுதாமல், அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பெண் ஆசிரியர் ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள். விலகிய பிறகு இரண்டு மாதம் கிரவுண்ட் பக்கம் போக வேண்டாம், பிள்ளைகள் போன் செய்து டிரில் கேட்டாலும் "புது மிஸ்கிட்ட கேளு" என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் சம்பளமில்லாத கோச்சாக வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், வந்தவருக்கும் காலூன்ற முடியாது. செரி ரோட்டில் எதிர்ப்படுகிறவர்கள் "இந்த வருஷம் டீம் எப்படி?" என்று கேட்கத்தான் செய்வார்கள். "இப்ப வேற மிஸ் பாக்கறாங்க, நல்லா பண்றாங்க" என்று ஒரே வாக்கியத்தை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

அந்த செட்டர் உங்களை நம்பி வந்தவள்தான். அவளுக்கு நீங்கள் கடன்பட்டிருப்பது இன்னும் ஒன்றரை வருடம் தேய்ந்துகொண்டே கூட நிற்பதை அல்ல. அவளுக்கு என்று எழுதும் பக்கத்தை மற்றவர்களுடையதைவிட நீளமாக எழுதுங்கள். விரல் நுனியில் பந்தை எந்த உயரத்தில் எடுக்கிறாள், களைத்தால் இடது பக்கமே போடுகிறாளா, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு எந்த மாதத்தில் பயிற்சியைக் குறைக்க வேண்டும், விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறது, எது இன்னும் வர வேண்டும். எழுதியதை முதலில் அவளிடம் படிக்கக் கொடுங்கள். விடுபட்டதை அவளே சொல்வாள்.